மழை மண்ணில் இறங்குகிறது என்று லீட் சான்றிதழுக்குக் காட்டுவது எப்படி?

திருவான்மியூரில் ஒரு சின்ன அலுவலகக் கட்டடத்துக்கு லீட் (பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் சான்றிதழ்) நான்காம் பதிப்பில் விண்ணப்பித்தபோது செய்தது இது. மணல் பூமி, ஆகவே தோட்டத்து மண்ணையே நம்பினோம்.

முதலில் மழைக்கணக்கு. வானிலை ஆய்வுத் துறையின் நாள்வாரி மழையளவை எக்ஸெலில் போடுங்கள். இதற்குப் பெரிய மென்பொருள் தண்டச் செலவு. 20, 30 வருடத் தரவு இருந்தால் நல்லது. மழையில்லாத நாட்களையும் 2.5 மி.மீ.க்குக் குறைந்த தூறலையும் நீக்கிவிட்டு 95 சதமான அளவை, அதாவது மீதி மழைநாட்களில் நூற்றுக்கு 95 நாட்கள் தாண்டாத மழையளவை, எடுங்கள். நீக்காவிட்டால் எண் படுத்துவிடும்.

அடுத்தது, மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை இழுக்கும் என்று பார்க்கும் இரட்டை வளையச் சோதனை. பலர் சறுக்குவது இங்கேதான். 30 செ.மீ., 60 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக மண்ணில் அடித்து இறக்கி, இரண்டிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெளி வளையத்துத் தண்ணீர், உள்ளே இருப்பது பக்கவாட்டில் பரவாமல் தடுக்கும். உள் வளையத்தில் மட்டும் அளவெடுங்கள். காய்ந்த மண் முதலில் மடமடவென்று இழுக்கும். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அடுத்தடுத்த அளவுகள் ஒன்றுபோல வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கடைசியில் நிலைக்கும் வேகம்தான் கணக்கில் சேரும். ஜேசிபி ஓடிய இடம் இறுகிப்போயிருக்கும். ஆகவே கட்டட வேலை முடிந்தபின், தோட்டம் வரப்போகும் இடத்திலேயே சோதியுங்கள். இடம், தேதி தெரிகிற மாதிரி படமும் எடுத்து வையுங்கள்.

சரி, கணக்கு. உதாரணத்துக்கு அந்த 95 சதமான மழை 60 மி.மீ., கூரை 400 ச.மீ., வழிவுக் கெழு (கூரையில் விழும் மழையில் வழிந்தோடும் பங்கு) 0.9 என்றால் 21.6 கன மீட்டர். 300 ச.மீ. தோட்டத்தின் மேலேயே விழும் 18 கன மீட்டரை மறக்காமல் சேருங்கள், மொத்தம் 39.6. சோதனையில் மணிக்கு 25 மி.மீ. வந்தால் பாதியை மட்டும் நம்புங்கள். அப்படியும் பத்தரை மணி நேரத்தில் வடிந்துவிடும்.

அதுவரை அந்தத் தண்ணீர் நிற்க இடம் வேண்டுமே? தோட்டம் சுமார் 13 செ.மீ. பள்ளமாக இருக்க வேண்டும். நம் ஊரில் நடைபாதையைவிட உயர்த்தி மண் கொட்டிவிடுவார்கள். அப்புறம் எல்லாம் தெருவுக்குத்தான். குறுக்குவெட்டுப் படத்தில் மட்டங்களைக் குறித்துக் காட்டுங்கள்.

பிற்சேர்க்கை: "மே மாதத்தில் சோதித்தால் போதுமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது நிலத்தடி நீர் மேலேறி வந்துவிட்டால் மணலும் குடிக்காது. டிசம்பர் மாதக் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து கோப்பில் சேருங்கள். களிமண் பகுதி என்றால் இந்த வழியே வேண்டாம், தொட்டி கட்டிச் சேமியுங்கள்.