அமைதியான படம் எடுக்கிறீர்களா? சொதப்பும் இடங்கள் இவை

பழக்கமில்லாத நாடு, ஓட்டல் அறை, தூக்கம் வராத இரண்டு பேர். கேட்டால் எடுக்கச் சுலபமான கதை. எடிட்டிங்குக்கு வந்த பிறகுதான் படம் நகரவில்லை என்று தெரியும். பழி எடிட்டர் தலையில் விழும். கோளாறு பெரும்பாலும் ஒலியில் இருக்கும்.

வசனமில்லாத காட்சிக்கு ஒலிப்பதிவாளர் எதற்கு என்று அவரை உட்காரவைத்துவிடுவார்கள். ஓட்டல் அறையின் அமைதி என்பதே ஏசி இரைச்சல், குட்டி ஃப்ரிட்ஜின் முனகல், வெளியே லிஃப்ட் மணி, கண்ணாடிக்கு அப்பால் கேட்டும் கேட்காத போக்குவரத்து. இதெல்லாம் இல்லாமல் டிராக்கைக் காலியாக விட்டால், ஸ்பீக்கர் போய்விட்டதோ என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிடம் ரூம் டோன் (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் பின்னணி ஒலி) எடுங்கள். வசனம் எடுக்கும்போது ஏசியையும் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, அந்த இரைச்சலைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஷாட் அணைத்தும் சில ஷாட் அணைக்காமலும் எடுத்தால் ஒவ்வொரு கட்டிலும் பின்னணி குதிக்கும். (அணைத்தவர் கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைப்பது பழைய வித்தை. திரும்பப் போட மறந்து கிளம்ப முடியாது.)

ஒலியில் விழுந்த ஓட்டையை மறைக்கப் பியானோவை ஊற்றுவது இன்னும் மோசம். நாயகி ஜன்னலோரம் உட்காருவதற்குள் 'சோகம்' என்று இசையே சொல்லிவிடும்.

அடுத்தது சப்டைட்டில். நாயகனுக்குப் புரியாத மொழியைப் பார்ப்பவருக்கு மட்டும் மொழிபெயர்த்தால் அவன் தனியாகிறான், நாம் ஆவதில்லை. சோஃபியா கொப்போலாவின் 'லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' (2003) படத்தில் விஸ்கி விளம்பரப் படப்பிடிப்பு நினைவிருக்கிறதா? விளம்பர இயக்குநர் ஜப்பானிய மொழியில் பொரிந்து தள்ளுகிறார், மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில் முடிக்கிறார். சப்டைட்டில் கிடையாது. சிரிப்பும் தவிப்பும் அந்த இடைவெளியில்தான்.

வெளிநாட்டில் விளக்கு வெளிச்சத்தில் எடுப்பவர்கள் மின்சார அதிர்வெண்ணைப் பார்ப்பதில்லை. டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60, ஒரே நாடுதான். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்தால் முதல் ஊருக்கு ஷட்டர் வேகம் 1/50 நொடி, இரண்டாவதற்கு 1/60. மாற்ற மறந்தால் சில கடை விளக்குகள் திரையில் துடிக்கும். அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

திரைக்கதையில், பிரியும் நாளை முதல் கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டின் தேதி தெரிந்தால்தான் லிஃப்டில் பரிமாறிய ஒரு புன்னகைக்கும் எடை வரும். கடைசியில் போன் நம்பர் வாங்க வைத்தால் அந்த எடை போச்சு.

பிரிவுக் காட்சியில் பேசுவது நமக்குக் கேட்கக்கூடாது என்றால், கேமராவை உதடு மறையும் கோணத்தில் வையுங்கள். உதடு தெரிந்தால் யாராவது நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இன்னதுதான் சொன்னார் என்று எழுதிவிடுவார்கள்.