சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றிப் பேசக் கிளம்பும் குடும்பங்கள் எங்கே சறுக்குகின்றன?

என் அக்கா மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உடம்பில் சளி கெட்டியாகி நுரையீரலையும் செரிமானத்தையும் கெடுக்கும் மரபணு நோய் அது. சிங்கப்பூரில் இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள்; மற்றவர்கள் "ஆஸ்துமா மாதிரிதானே?" என்பார்கள். இப்படி அபூர்வமான நோய்க்குப் பெரிய பிரசாரம் நடப்பதில்லை. அதனால் குடும்பங்களே இறங்குகின்றன. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போடுவார்கள், சமூக மன்றத்தில் ஒரு சனிக்கிழமை பேசுவார்கள், வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைச் சுற்றுக்கு விடுவார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதில் நடக்கும் ஒரு தவறு நோயாளியின் உடம்பையே கெடுத்துவிடும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றதும் நோயாளிகளை எல்லாம் அழைத்து, ஒன்றாக உட்காரவைத்து, குழுப்படம் எடுக்கத் தோன்றும். வேறு பல நோய்களுக்கு இது சரி. இந்த நோய்க்குக் கூடவே கூடாது. இவர்களுடைய நுரையீரலில் சளி கெட்டியாகத் தேங்குவதால், சூடோமோனாஸ், பர்க்கோல்டேரியா போன்ற கிருமிகள் உள்ளே குடியேறிவிடுகின்றன. ஆரோக்கியமானவர்களுக்கு இவற்றால் பொதுவாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குப் போனால் நுரையீரல் வேகமாகக் கெடலாம். அதனால்தான் நோயாளிகள் தங்களுக்குள் குறைந்தது ஆறடி இடைவெளி விடச் சொல்கிறார்கள். குளிர்சாதன அறைக்குள் நடக்கும் கூட்டம் என்றால் ஒரே ஒரு நோயாளி நேரில் வரட்டும், மற்றவர்கள் ஸூமில் பேசட்டும். பெற்றோர் எத்தனை பேர் வேண்டுமானாலும் கூடலாம்.

இதைச் சொல்லும்போதே அடுத்த குழப்பம் வரும். "அப்போ தொற்றுமா?" தொற்றாது. நோயாளி இருமினால் பக்கத்தில் இருப்பவருக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வராது, ஏனென்றால் இது பிறவியிலேயே வரும் மரபணு நோய். இந்த இரண்டு விஷயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லாவிட்டால், எம்ஆர்டியில் இருமும் பிள்ளையைப் பார்த்து ஆட்கள் எழுந்து போவார்கள். கோவிட் காலத்துக்குப் பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது.

அடுத்தது, வெளிநாட்டுத் துண்டுப்பிரசுரத்தை அப்படியே தமிழில் இறக்குவது. அதில் 2,500 முதல் 3,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கு இருக்கும். அது ஐரோப்பிய வம்சாவளியினருக்கான கணக்கு. அதைச் சேர்த்து அச்சடித்தால் நம் ஆட்கள் "வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்கில்லை" என்று மடித்து வைத்துவிடுவார்கள். ஆசியர்களிடம் இது குறைவுதான், இல்லாமல் இல்லை. குறைவு என்பதாலேயே மருத்துவருக்கும் சட்டென்று சந்தேகம் வராது. காசநோயா, ஆஸ்துமாவா, சத்துக்குறைவா என்று வருடங்கள் ஓடிவிடும்.

ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, வீட்டில் பாட்டி கவனிக்கக்கூடிய விஷயங்களைப் பேசலாம். குழந்தையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது. நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை. மலம் எண்ணெய்ப்பசையாக, அதிக நாற்றத்தோடு போகிறது. சளியும் இருமலும் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு முதல் மலம் போகாமல் குடல் அடைத்துக்கொள்வதும் ஓர் அறிகுறி. இவற்றில் ஒன்று தனியாக இருந்தால் வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம். சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். உறுதிப்படுத்துவது வியர்வைப் பரிசோதனை. ஊசி கிடையாது. கையில் வியர்க்கவைத்து, சேகரித்து, அதிலுள்ள குளோரைடை, அதாவது உப்பின் ஒரு கூறை, அளக்கிறார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருப்பதற்கான வலுவான ஆதாரம்.

உப்பு விஷயத்தைச் சிங்கப்பூர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1948இல் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வீசியபோது, சூட்டில் சுருண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலர் இந்த நோயாளிகளாக இருந்தார்கள். அதைத் தொடர்ந்த ஆய்வில்தான், 1953இல், இவர்களுடைய வியர்வையில் உப்பு அளவுக்கு மீறிப் போகிறது என்று தெரிந்தது. அங்கே அது ஒரு கோடையின் வெயில். இங்கே வருடம் முழுக்க அதேதான். ஆனால் சுற்றிலும் பார்த்தால் சுகாதார மேம்பாட்டு வாரியம் உப்பைக் குறைக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்கு அது நல்ல அறிவுரை. எங்கள் பையனுக்கோ மருத்துவரும் உணவியல் நிபுணரும் உப்பும் கொழுப்பும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு சாப்பாட்டோடும் செரிமானத்துக்கு என்சைம் கேப்ஸ்யூல் வேறு. கல்யாண வீட்டில் அவன் அப்பளத்தை அடுக்கிக்கொண்டால் யாராவது ஒரு மாமா "உப்பு, எண்ணெய் எல்லாம் வேண்டாம்டா தம்பி" என்று தட்டிலிருந்து எடுக்கப்போவார். விழிப்புணர்வு முதலில் போய்ச் சேர வேண்டியது அந்த மாமாவுக்குத்தான்.

"இங்கே பிறந்த குழந்தைக்கெல்லாம் சோதிக்கிறார்களே" என்று சொல்லி நிறுத்துவதும் தவறு. குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் செய்யும் விரிவான பரிசோதனையில் இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் அது சில வருடங்களாகத்தான். அதற்கு முன் பிறந்த பிள்ளைகள்? திருச்சியிலோ மதுரையிலோ பிறந்து, அப்பாவின் வேலைக்காக இங்கே வந்த பிள்ளைகள்? இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை நடப்பதில்லை. நம் தமிழ்க் குடும்பங்களில் பலவும் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. பெரியவர்களிலும் சிலருக்கு, பல வருட நெஞ்சுச் சளிக்கோ ஆண்களின் குழந்தையின்மைக்கோ காரணம் தேடும்போதுதான் இந்த நோய் வெளிப்படுகிறது. குழந்தைகளின் படத்தை மட்டுமே போஸ்டரில் போட்டால் அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மருந்து பற்றிய செய்திகளை அனுப்புமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். 2012இல் ஐவகாஃப்டர் வந்தது, 2019இல் மூன்று மருந்துகள் சேர்ந்த டிரைகாஃப்டா வந்தது. இரண்டும் பெரிய திருப்பம், மறுப்பதற்கில்லை. ஆனால் மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்பதைப் பொறுத்தே அவை வேலை செய்யும். இந்த நோய்க்குக் காரணமான சிஎஃப்டிஆர் என்ற மரபணுவில் 2,000க்கு மேற்பட்ட மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. டிரைகாஃப்டா முதலில் குறிவைத்த எஃப்508டெல் என்ற மாற்றம் ஐரோப்பியரிடம் மிகுதி, ஆசியரிடம் குறைவு. அதனால் "90 சதவீதம் பேருக்குப் பலன்" என்ற அமெரிக்கக் கணக்கு இங்கே பொருந்தாது. அங்கே அறிமுகமானபோது அதன் விலை ஆண்டுக்கு 3 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். இதையெல்லாம் விட்டுவிட்டு "மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்!" என்று எழுதினால், அடுத்த குடும்பக் கூட்டத்தில் என் அக்காவிடம் "அப்போ ஏன் இன்னும் வாங்கித் தரலை?" என்று கேட்பார்கள். கேட்டார்கள்.

யார் பக்கத்து ரத்தம் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். அப்பா, அம்மா இருவரிடமும் அந்த மரபணுவின் ஒவ்வொரு பிழையான பிரதி இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும், அதுவும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள் நோயாளிகள் அல்ல. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வாய்ப்பு கூடும், ஆனால் சொந்தமே இல்லாத தம்பதிக்கும் வரும். மேடையில் இதைத் தெளிவாகச் சொன்னால் எத்தனையோ மருமகள்கள் தப்பிப்பார்கள்.

பிள்ளையின் படம், பெயர், பள்ளிச் சீருடை ஆகியவற்றை இணையத்தில் போடுவது பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. ஐந்து வயதில் மூக்கில் நெபுலைசர் மாட்டிய படம் ஆயிரம் பேரை உருகவைக்கும். பதினைந்து வயதில் வகுப்புத் தோழர்கள் தேடினால் அதே படம்தான் வரும். பரிதாபம் பணத்தைக் கொண்டுவரும், நண்பர்களைக் கொண்டுவராது. கேட்டுப் போடுங்கள், கேட்கும் வயது வரவில்லை என்றால் கேப்ஸ்யூல் டப்பாவைப் படம் எடுத்துப் போடுங்கள்.

பணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க உரிமம் வேண்டும், பக்கத்து புளோக் என்றாலும். 2019இல் தொடங்கிய அரிய நோய் நிதியில் நன்கொடையாளர் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது. ஆனால் அது பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மட்டுமே. எந்த நோய்க்கு, எந்த மருந்துக்கு என்று பார்த்த பிறகே அதைப் பற்றி வாக்குக் கொடுங்கள்.

அப்புறம், நிகழ்ச்சி முடிந்ததும் மேசைக்கு யாராவது வந்து தன் பேரப்பிள்ளையின் இருமலைப் பற்றிக் கேட்பார். அறிகுறிகளைக் கேட்டுவிட்டு "இது அதுதான்" என்றோ "இல்லவே இல்லை" என்றோ சொல்லிவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்குப் போகச் சொல்லுங்கள். கவனித்ததைத் தேதியோடு ஒரு தாளில் குறித்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். வியர்வைப் பரிசோதனை தேவையா என்று கேட்கும்படி அந்தப் பரிசோதனையின் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.