புதுப் பரவைக்கடலில் இறங்குமுன்: படம் பார்த்து வழியும் மீனும் பிடிப்பது

யாழ்ப்பாணக் கடல்நீரேரியைப் பண்ணைத் தாம்போதியில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் தெரியும். ஏறத்தாழ நானூறு சதுர கிலோமீற்றர் பரப்பு. மேற்கே பாக்கு விரிகுடாவுக்குத் திறந்திருக்கிறது; கிழக்கே ஆனையிறவில் முட்டி நிற்கிறது. பெரும்பகுதியில் ஆழம் இரண்டு மீற்றரைத் தாண்டாது. ஆகவே இங்கே வழியைத் தீர்மானிப்பது ஆழம்தான். அதைச் சரியாகக் காட்டும் படம் ஆயத்தமாகக் கிடைக்காது. இரண்டு மூன்று படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கோல் போட்டு அளந்து, நாமே செய்துகொள்ள வேண்டும். செய்து முடித்த படத்திலேயே மீன் நிற்கும் இடமும் தெரிந்துவிடும், ஏனென்றால் பரவைக்கடலில் மீன் போவதும் வருவதும் ஆழம் மாறும் கோடுகளை ஒட்டித்தான்.

எந்தப் படம் எதற்கு

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் இரண்டு சென்ரிமீற்றர் என்பது ஒரு கிலோமீற்றர். கரை வளைவு, கோயில், வீதி, குளம் எல்லாவற்றுக்கும் இதை நம்பலாம். தண்ணீருக்குள் இருப்பதை இது சொல்லாது. தூரம் அளக்கவும் கரைக்குறி எடுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தானிய அட்மிரல்டி கடல் வரைபடம் கைக்கு வந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள்: ஆழம் மீற்றரிலா, பாகத்திலா? ஒரு பாகம் ஆறடி, அதாவது 1.83 மீற்றர். மீற்றரில் அச்சிட்ட படத்தைப் பாகமென்று வாசித்தவர் இருப்பதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழத்தை நம்பிப் போய்த் தட்டி நிற்பார். பெரிய 1-க்குப் பக்கத்தில் தாழ்வாகச் சிறிய 4 இருந்தால் அது 1.4 மீற்றர். எண்ணின் கீழே கோடு இழுத்திருந்தால் அந்த இடம் வற்றில், அதாவது கடல்நீர் இறங்கிய நேரத்தில், காய்ந்து மேலே தெரியும். ஆங்கில எழுத்து ‘எஸ்’ மணல், ‘எம்’ சேறு, ‘ஆர்’ பாறை. எண்கள் ஐதாக இருக்கிற இடத்தில் இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள ஆழத்தை ஊகிக்காதீர்கள்.

கைபேசி வரைபடச் செயலியில் நீரெல்லாம் ஒரே நீலம். நிற்கும் இடத்தைக் காட்டவும் வந்த தடத்தைப் பதிவு செய்யவும் அது உதவும், அவ்வளவுதான். ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலியில் வட மாகாணப் படத்தைக் கரையிலேயே இறக்கி வையுங்கள். நடு நீரேரியில் சிக்னலை நம்பி நிற்க முடியாது.

செய்மதிப் படத்தை வாசிப்பது

முழு வேலைக்கும் அடிப்படை இதுதான், இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குவது தகும். ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்ரினல்-2 செய்மதிகள் எடுக்கும் படங்களைக் கொப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு புள்ளி பத்து மீற்றர். இருபது மீற்றருக்குக் குறுகிய வாய்க்கால் இதில் சரியாகத் தெரியாது என்பதை மனதில் வையுங்கள். முகில் குறைந்த, காற்று அடங்கிய பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான படங்கள் நல்லவை. பலத்த சோளகம் (தென்மேற்குக் காற்று) அடித்த நாளின் படத்தில் சேறு கலங்கி எல்லாம் பால்நிறமாக இருக்கும்; அதை விட்டுவிடுங்கள்.

புதியவர் எல்லாரும் செய்யும் பிழை, கறுத்த இடமெல்லாம் ஆழம் என்று நினைப்பது. சாதாளை என்னும் கடற்புல் அடர்ந்த திடல் அரை மீற்றர்த் தண்ணீரிலும் கறுப்பாகத்தான் தெரியும். அதை நம்பிப் போனால் ஐந்து நிமிடத்தில் இஞ்சின் காற்றாடி முழுக்கச் சாதாளை சுற்றிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இயற்கை நிறத்தை விட்டு, ‘ஃபால்ஸ் கலர்’ என்ற தெரிவுக்குப் போங்கள். அதில் அகச்சிவப்பு ஒளி சேர்ந்திருக்கும். அந்த ஒளியைச் சொற்பத் தண்ணீரே விழுங்கிவிடும் என்பதால், தண்ணீர் நிற்கும் இடம் கறுக்கும். வற்றில் வெளியே கிடக்கும் சாதாளை சிவக்கும். வெறும் மணல் வெளிறும். வற்று நாள் படத்தில், சிவப்புக்கும் வெளிறலுக்கும் நடுவே ஆறுபோல் கிளைவிட்டு, அறுபடாமல் பெருந்தண்ணீரோடு போய்ச் சேரும் கறுப்புக் கோடு எதுவோ அதுதான் வாய்க்கால். எங்கும் சேராமல் திட்டாக நிற்கும் கறுப்பு, பள்ளமாக இருந்தாலும் உங்களுக்கு வழியாகாது.

வற்றுப் படத்தையும், நீர் ஏறி நிற்கும் பெருக்குப் படத்தையும் எப்படித் தெரிந்தெடுப்பது? செய்மதி எப்போதும் காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் கடக்கிறது. வற்றோ நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திப் போகிறது. ஆகவே பறுவம் (பௌர்ணமி), அமாவாசை நாள்களின் படங்கள் ஏறக்குறைய ஒரே நீர்நிலையைக் காட்டும். அட்டமியை ஒட்டிய படங்கள் அதிலிருந்து ஆறு மணித்தியாலம் தள்ளிய நிலையைக் காட்டும். நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து, இரண்டு வகையிலும் ஒவ்வொன்று எடுத்தால் போதும். ஒன்றில் காய்ந்தும் மற்றதில் நனைந்தும் இருக்கும் நிலம் எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் சுற்றிக் கட்டுங்கள். அந்தக் கட்டுக்குள் இஞ்சின் போடக் கூடாது.

இதை ஏ3 தாளில் அச்சிட்டு லமினேற் செய்து, அழியாத மையில் வாய்க்கால்களை வரைந்து கொண்டுபோங்கள். உச்சி வெயிலில் கைபேசித் திரையைவிடத் தாள் தெளிவாகத் தெரியும்.

கோல் போட்டு அளப்பது

மூன்று மீற்றர் மூங்கில் ஒன்றில் 25 சென்ரிமீற்றருக்கு ஒரு பட்டையாக வெள்ளையும் சிவப்பும் மாறி மாறிப் பூசினால் அளவுகோல் ஆயிற்று. ஆழமான வாய்க்காலுக்கு அரைக் கிலோ ஈயக்குண்டும், அரை மீற்றருக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும். குண்டின் அடியில் சிறு குழி தோண்டி அதில் சவர்க்காரத்தை அழுத்தி வையுங்கள். தூக்கிப் பார்க்கும்போது அதில் மணல் ஒட்டியிருக்கும், அல்லது கருஞ்சேறு, அல்லது சிப்பித்தூள். ஒன்றும் ஒட்டாமல் சவர்க்காரத்தில் வடு மட்டும் விழுந்திருந்தால் கீழே கல். நங்கூரத்தை எங்கே போடுவது, வலை எங்கே கிழியும் என்பதெல்லாம் இந்தச் சவர்க்காரம் சொல்லிவிடும்.

அளந்ததை அப்படியே எழுதினால் பயனில்லை, ஏனென்றால் தண்ணீர் அதற்குள் ஏறி இறங்கிவிடும். இறங்குதுறையில் ஒரு தடியை நட்டு, வற்று மட்டத்தில் ஒரு கோடு கீறுங்கள். கரையில் நிற்கும் ஒருவர் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவு என்று குறிக்கட்டும். நீங்கள் 10.20-க்கு 1.4 மீற்றர் அளந்து, அந்த நேரம் தடியில் 0.3 மீற்றர் இருந்தால், படத்தில் எழுத வேண்டியது 1.1. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்குள்தான், ஆனால் மொத்த ஆழமே ஒரு மீற்றராக இருக்கிற இடத்தில் அந்த வேறுபாடுதான் எல்லாம். வாய்க்காலுக்குக் குறுக்காக, கரைக்குக் கரை வெட்டி அளவுங்கள். நீளத்துக்கு அளந்துகொண்டு போனால் விளிம்பு எங்கே என்று தெரியாமலே போகும். வற்றுப்பெருக்கு அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் வெளிக்கடலுக்கு உரியது. உள்ளே போகப் போக வற்று பிந்தும், ஏற்றமும் குறையும். அதற்கும் அந்தத் தடிதான் கணக்கு.

உங்கள் படகுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதையும் அளக்க வேண்டும். ஆள்கள், ஐஸ்பெட்டி, எண்ணெய் எல்லாம் ஏறியபின் நீர்மட்டத்திலிருந்து இஞ்சினின் அடிநுனி வரை அளந்து, அதோடு 30 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். அதற்குக் குறைந்த ஆழத்தில் இஞ்சினைத் தூக்கிவிட்டுத் தாங்குதடியால் தள்ளிப் போவதுதான் முறை. ஓடும்போது பின்னால் பீச்சும் குளிர்நீர்த் தாரையில் ஒரு கண் இருக்கட்டும். அது மெலிந்தால் நீர் உறிஞ்சும் வாயில் சேறோ சாதாளையோ அடைத்திருக்கிறது. உடனே நிறுத்தித் துப்புரவாக்குங்கள். ஒரு கத்தியும் காற்றாடிக்கான மாற்று ஊசியும் படகிலேயே இருக்க வேண்டும்.

ஓட்டம்

தெரியாத பகுதிக்குப் பெருக்கு ஏறும் நேரத்தில்தான் நுழைய வேண்டும். ஏறும் தண்ணீரில் தட்டினால் கொஞ்ச நேரத்தில் தானாக மிதக்கும். பறுவத்து வற்றில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரும் வரை சேற்றில் இருக்க வேண்டியதுதான். இறங்கித் தள்ளுவதும் லேசல்ல, முழங்கால் வரை புதையும் இடங்கள் உண்டு.

ஆயங்களை (இடத்தைக் காட்டும் அகலக்கோடு, நெடுங்கோட்டு எண்களை) கைபேசியில் பதிக்கும்போது பாகையைத் தசமத்தில் கொடுக்கிறீர்களா, பாகை-கலையில் கொடுக்கிறீர்களா என்று இரண்டு தரம் பாருங்கள். ஒரு பாகைக்கு அறுபது கலை, ஆகவே 9 பாகை 39 கலை என்பது 9.65. அதை 9.39 என்று பதித்தால் குறி ஏறத்தாழ 29 கிலோமீற்றர் தெற்கே விழும். தசமத்தின் பின் நான்காவது இலக்கம் பதினொரு மீற்றர். அதற்கு மேல் இலக்கம் தேவையில்லை.

கைபேசி நனையலாம், சார்ஜ் இறங்கலாம். அதனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கரைக்குறி வேண்டும். இந்தத் தட்டைக் கரையில் பனந்தோப்பைக் குறியாக எடுக்க வேண்டாம், தூரத்தில் எல்லாத் தோப்பும் ஒன்றுதான். குருநகர், பாசையூர்த் தேவாலயங்கள், சங்குப்பிட்டிப் பாலம், தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நல்ல குறிகள். முன்னே ஒன்று பின்னே ஒன்றாக இரண்டு குறி நேர்கோட்டில் விழும்படி தெரிந்து, அந்தக் கோட்டையே படத்தில் கீறுங்கள். முன்குறி இடப்பக்கம் விலகினால் படகு வலப்பக்கம் போய்விட்டது.

காற்றையும் படத்தில் எழுதுங்கள். சோளக காலத்தில் பாசையூரிலிருந்து பூநகரிப் பக்கம் போகிறவர் விடியற்காலை அமைதியில் எதிர்க்காற்றில் போய், பின்னேரம் காற்றோடு திரும்பலாம். கௌதாரிமுனையிலிருந்து வடக்கே வருகிறவருக்கு இது தலைகீழ். அவர் மதியத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும். ஆழம் குறைந்த நீரில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும், தாழ்ந்த படகுக்குள் தண்ணீர் அள்ளிப் போடும். வாடையில் (வடகீழ்க் காற்றில்) வடகரை ஓரம் தண்ணீர் அமைதியாக இருக்கும். ஆனால் இஞ்சின் நின்றால் காற்று உங்களை வெளியே தள்ளும், ஆதலால் நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையக் கூடாது. மிதவை அங்கியைப் போட்டே இருங்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கிளாலி, முகமாலைப் பக்கக் கரையில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால், வற்றில் எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் இறங்க வேண்டாம்.

படத்தில் மீன் எங்கே

வற்று தொடங்கியதும் திடலில் மேய்ந்த மீனும் இறாலும் வாய்க்காலுக்கு இறங்கும். கிளை வாய்க்கால் பெரியதோடு சேரும் மூலைதான் அப்போதைய இடம். மூலைக்குச் சற்றுக் கீழே, பெரிய வாய்க்காலின் விளிம்பில் நங்கூரமிட்டு, நீரோட்டத்துக்கு எதிரே தூண்டிலை எறிந்து இரை இயல்பாக இழுபட்டு வரும்படி விடுங்கள். வாய்க்காலின் நடுவில் படகை நிறுத்தினால் மீன் வரும் பாதையையே மறித்துக்கொள்வீர்கள். பெருக்கில் இதற்கு எதிர்மாறு: வாய்க்காலை விட்டுச் சாதாளைத் திடலின் ஓரத்துக்கு வாருங்கள். ஓரா அங்கேதான் மேயும். அதற்குச் சின்னத் தூண்டிலில் கோதுமை மா உருண்டையோ பச்சைப் பாசியோ போதும். கொடுவாவுக்குக் கண்டல் வேரோரமும் பாலத்தூண் நிழலும். இரை உயிர் இறால் அல்லது சிறு மணலை.

ஓராவைக் கழற்றும்போது துணியால் பிடியுங்கள். முள் குத்தினால் கை தாங்கும் அளவு சுடுநீரில் குத்துப்பட்ட இடத்தை அமிழ்த்தி வைக்க, விஷத்தின் கடுப்பு இறங்கும். ஒரு போத்தல் சுடுநீர் அதற்காகவே படகில் இருக்கட்டும். நடந்து தள்ளும்போது காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து நடவுங்கள். மணலில் புதைந்த திருக்கை விலகிப் போகும்.

படத்தில் வராத தடிகள்

தடி நட்டுக் கட்டும் சிறகுவலை, களங்கண்டி, மற்றும் நண்டுக்கூட்டுக் கயிறு, கடலட்டைப் பண்ணை வேலி எதையும் எந்தப் படமும் ஒழுங்காகக் காட்டாது. செய்மதிப் படம் எடுத்த பிறகு நட்டவையாகவும் இருக்கும். இருளில் இவை தெரியாது, ஆகவே முதல் ஓட்டங்களைப் பகலில் வையுங்கள். தடி வரிசை கண்டால் அதன் நடுவால் புகாமல் வெளி முனையைச் சுற்றிப் போங்கள். உள்ளே வலை நீர்மட்டத்துக்கு ஒட்டியே நிற்கும். அது ஒரு குடும்பத்தின் பாடு. அதற்குள் தூண்டில் எறிவதும் கூடாது. இறங்குமுன் அந்தத் துறையின் கடற்றொழிலாளர் சங்கத்தில் உங்கள் படத்தைக் காட்டிக் கேளுங்கள். எந்த வாய்க்கால் பொதுவழி, எங்கே புதிதாகத் தடி நட்டிருக்கிறது, எது சேறு தூர்ந்துபோனது என்று அங்கே விரல் வைத்துக் காட்டுவார்கள். அதை அந்த இடத்திலேயே பேனையால் குறித்துக்கொள்ளுங்கள். தங்கூசி வலை (ஒற்றை இழை நைலோன் வலை) சட்டப்படி தடை என்பதால் படகில் ஏற்றவே வேண்டாம்.

ஐப்பசி கார்த்திகை மழை கழிந்தபின் வாய்க்கால் வாய்களை மறுபடி அளக்க வேண்டும். வெள்ளம் கொண்டுவரும் சேறும் மணலும் முதலில் படிவது அங்கேதான். உள்ளே நீண்டு கிடக்கும் வாய்க்கால் உடல் அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதை ஆண்டுக்கு ஒரு வெட்டு அளந்து பார்த்தால் போதும். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் மாதமும் ஆண்டும் எழுதுங்கள். திகதி இல்லாத எண்ணை அடுத்த முறை அளக்காத இடமாகவே கருதிக் கோலை இறக்குங்கள்.