அம்மாவின் ஈ.பி.எஃப். காசு இழுத்தடித்த கதை

நம் இலங்கையில் வேலை போனால் மாதாமாதம் உதவித்தொகை வராது, பெரும்பாலும் கையில் இருப்பது ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி), வேலை செய்த வருடங்களுக்காக முதலாளி கொடுக்கும் பணிக்கொடை, இவைதான். அம்மா தோட்டத்தில் பேர் வெட்டி வேலையிலிருந்து விலகிய பிறகு போட்ட ஈ.பி.எஃப். விண்ணப்பம் நகரவே இல்லை. காரணம் பெயர். செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில்) மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா. மலையகத்தில் பாதி வீடுகளில் இதே கூத்துதான், அந்தக் காலத்துக் கிளாக்கர்மார் காதில் விழுந்ததை எழுதி வைத்தார்கள்!

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, கிராம சேவகரின் கடிதமும் எடுத்து, பழைய சம்பளத் துண்டுகளோடு தொழில் அலுவலகத்தில் கொடுத்தேன். சம்பளத் துண்டில் ஈ.பி.எஃப். இலக்கம் இருக்கும், அதைப் பார்த்துத்தான் ஆளை உறுதி செய்தார்கள், அப்புறம் வேலை நடந்தது. எதைக் கொடுத்தாலும் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் 'கிடைக்கவில்லை' என்பார்கள்.

பணிக்கொடை தனி. 5 வருடம் முடித்திருந்தால், விலகி 30 நாளுக்குள் தோட்டமே கொடுக்க வேண்டும், 1983ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கொடுக்காவிட்டால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு போடுங்கள், வாய்ப்பேச்சு எடுபடாது.