மரம் வெட்டும் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: மெஷினுக்கு முன்னால் பெல்ட் வாங்குங்கள்

டெல்டாவில் மரவேலைக்கு என்றும் பஞ்சமில்லை. கொல்லையில் சாய்ந்த தென்னை, ஓட்டின் மேல் படர்ந்த வேம்பு, வாய்க்கால் கரைத் தூங்குமூஞ்சி என ஆண்டு முழுவதும் அழைப்பு வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அதற்குப் பிறகு மரம் அறுக்கும் சங்கிலிவாள் மெஷின் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. அதை இயக்குகிறவரின் தலையிலும் இடுப்பிலும் இருக்க வேண்டியவைதான் இன்னும் பல இடங்களில் வரவில்லை. நான்கு ஆட்களை வைத்துச் சிறியதாக ஒப்பந்தம் எடுக்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதல் படி: உடம்புக்கானவை

கையிருப்புப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது முழு உடல் பெல்ட். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் வகை அது. ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை விழுகிறவரின் வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கிவிடும். பெல்ட்டோடு கொக்கி வைத்த இணைப்புக் கயிறு இரண்டு வேண்டும். கிளையைத் தாண்டும்போது ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று மரத்தைப் பிடித்திருக்கும். மெஷினுடன் ஏறுகிறவருக்கு அவற்றில் ஒன்று உள்ளே எஃகுக் கம்பி ஓடும் கயிறாக இருப்பது நல்லது. வாள் பட்டால் சாதாரணக் கயிறு கண நேரத்தில் அறுந்துவிடும்.

அடுத்தது தலைக்கவசம். தாடைவார் இல்லாதது மரவேலைக்கு உதவாது. அண்ணாந்து பார்த்தவுடன் கீழே விழும். வலை முகமறைப்பும் காதுமூடியும் சேர்ந்து வருவதாக வாங்கினால் மூன்று செலவு ஒன்றாக முடியும். மெஷினின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். பஞ்சு வைத்துச் சமாளிக்கக் கூடியது அல்ல. கீழே நின்று கயிறு பிடிக்கிறவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். மேலிருந்து வரும் மட்டையும் கொப்பும் அவர் தலையைத்தான் முதலில் தேடும்.

மூன்றாவது கால் கவசம். அதன் உள்ளே நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டவுடன் அந்த இழைகள் பிய்ந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். நம் வெயிலுக்கு முன்பக்கம் மட்டும் மூடும் வகை தாங்கக் கூடியது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினைத் தொட எவரையும் விடாதீர்கள். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. துணியின் நுனி போதும், ஆளையே உள்ளே இழுத்துவிடும்.

இரண்டாம் படி: மெஷினும் கயிறும்

சங்கிலியை நிறுத்தும் தடை, சங்கிலி அறுந்தால் பிடிக்கும் கொக்கி, விசை தவறுதலாக அழுந்தாமல் காக்கும் பூட்டு மூன்றும் வேலை செய்யாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. சூடு ஆறிய பிறகு ஊற்றுங்கள்; ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வந்து இயக்குங்கள்.

தூள் பொடிமாவாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். சீவலாக வந்தால் கூர் இருக்கிறது. தென்னையும் பனையும் வேம்பைவிட வேகமாகப் பல்லை மழுக்கும், காரணம் அவற்றின் தண்டில் உள்ள சிலிக்கா. எனவே வட்ட அரம் எப்போதும் பையில் இருக்கட்டும்.

தேங்காய்நார்க் கயிறு மரத்தை இழுக்கலாம். மனிதனைத் தாங்கக் கூடாது. ஆள் தொங்கும் கயிற்றைக் கிளை இறக்கப் பயன்படுத்தக் கூடாது, அதற்குத் தனி வடம். ஓரடிக் குறுக்களவும் ஆறடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை நூறு கிலோவைத் தாண்டும். அது விழுந்து கயிற்றில் நிற்கும்போது வரும் வேகம் அந்த எடையைப் பல மடங்காக்கும். அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுப் போட்டு மெல்ல விட்டு இறக்குங்கள். கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் படி: தரையில் பழகுவது

குறைந்தது ஒரு மாதமாவது விழுந்து கிடக்கும் கட்டையில் மட்டும் அறுத்துப் பழகச் சொல்வேன். மெஷினைத் தரையில் வைத்து, தடையைப் போட்டு, பின்பிடிக்குள் வலது காலை ஊன்றித்தான் ஸ்டார்ட் கயிற்றை இழுக்க வேண்டும். தொங்கவிட்டு இழுப்பது வேகமாகத் தெரியும். தொடையை அறுத்த கதைகள் அதில்தான் வருகின்றன. வாளின் நுனியில் மேல்பாதி எதன்மீதாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றியிருந்தால்தான் அதை அடக்க முடியும். ஒற்றைக் கையில் அறுக்கும் பழக்கத்தை முதல் நாளே முறித்துவிடுங்கள்.

தென்னை ஏற முறையான பயிற்சி இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியைத் தொடங்கியது. ஏறும் கருவியைக் கையாளக் கற்றுத்தருகிறார்கள். நம் பக்கத்தில் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலும், நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் அடுத்த பயிற்சி எங்கே, எப்போது என்று கேளுங்கள். தென்னை ஏறுகிறவர்களுக்கான காப்பீட்டைப் பற்றியும் அங்கேயே விசாரித்து வாருங்கள்.

நான்காம் படி: மரத்தைப் படிப்பது

வேலை பேசுவதற்கு முன் மரத்தைச் சுற்றி வாருங்கள். அடியில் செம்பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ காளான் முளைத்திருந்தாலோ அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். வேர் அழுகிய அந்தத் தென்னையில் ஏறாதீர்கள். கூன்வண்டு துளைத்த தண்டும் அப்படித்தான். முருங்கையும் ஒதியனும் சொல்லாமல் முறியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய வண்டலில் நிற்கும் மரத்தை நேற்று பார்த்த மரம் என்று எண்ணக் கூடாது. வேர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பனையிலும் தென்னையிலும் கதண்டு என்னும் விஷவண்டின் கூடு தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். டெல்டாவில் கதண்டு கொட்டி உயிர் போயிருக்கிறது. புகை போட்டு விரட்டலாம் என்று துணிய வேண்டாம்.

மின்கம்பியைப் பற்றி விட்டுக்கொடுக்கவே கூடாது. வயல் வழியே மோட்டார்களுக்குச் செல்லும் கம்பிகள் பல இடங்களில் தாழ்ந்திருக்கும், ஈரக் கிளை மின்சாரத்தைக் கடத்தும். கிளையோ ஏணியோ கம்பிக்குப் பத்தடிக்குள் வரும் என்றால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, லைன்மேன் வந்து இணைப்பை நிறுத்திக் கொடுத்த பிறகே கத்தியை எடுங்கள். வீட்டுக்காரர் மெயின் ஸ்விட்சை அணைத்தால் தெருக் கம்பியில் மின்சாரம் நிற்காது.

ஐந்தாம் படி: அறுப்பது

மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேடிக்கை பார்ப்பவர் எவரும் நிற்கக் கூடாது. விழும் திசைக்குப் பின்னால், இரு பக்கமும் சாய்வாக, ஓடும் வழியை முதலிலேயே சுத்தம் செய்யுங்கள். சேற்று வரப்பில் ஓட முடியாது. மட்டையோ பலகையோ போட்டு வையுங்கள்.

விழவேண்டிய பக்கத்தில் தண்டின் குறுக்களவில் கால் பங்கைத் தாண்டாமல் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுங்கள். பின்பக்கம், அதற்குச் சற்று மேலே, அறுத்து வாருங்கள். நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்க வேண்டும். 40 செ.மீ. மரத்துக்கு 4 செ.மீ. அதுதான் கதவின் கீல் போல மரத்தைத் திருப்பி இறக்கும். முழுவதையும் அறுத்துவிட்டால் மரம் நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் எந்தப் பக்கமும் விழும். நார்த்தண்டு கொண்ட தென்னையில் இந்தக் கீலை அவ்வளவு நம்ப முடியாது. வீடுகளுக்கு இடையே நிற்பதை உச்சியிலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும்.

பெரிய கிளையை அறுக்க மூன்று வெட்டு: முதலில் சற்றுத் தள்ளி அடியில் பாதியளவு, அதற்கு அப்பால் மேலிருந்து, கடைசியில் மிச்சத் துண்டை அடிமரத்தின் புடைப்பு ஓரமாக. அடிவெட்டு இல்லாமல் அறுத்தால் பட்டை அடிமரம் வரை உரியும்.

புயலில் வேரோடு சாய்ந்த மரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தண்டை அறுத்ததும் பாரம் குறைந்து வேர்மண் கட்டி சட்டென்று பழைய குழிக்குள் நிமிரும். அந்தக் குழியில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால் நினைத்தே பார்க்க முடியாது. வளைந்து இறுகிய கிளையை உள்வளைவுப் பக்கம் சிறிது கீறிவிட்டு, பிறகு விறைத்த பக்கத்தை மெல்ல அறுங்கள். அது எகிறும் பாதையில் நிற்காதீர்கள்.

மேலே ஒருவர் இருக்கும் வரை, அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் பெல்ட் அணிந்து கீழே இருக்க வேண்டும். மயங்கிப் பெல்ட்டில் தொங்குகிறவரின் இரத்தம் காலில் தேங்கும். சில நிமிடங்களில் நிலைமை மோசமாகும். பெரிய கட்டுத்துணிகளை முதலுதவிப் பையில் வையுங்கள். ஆழமான வெட்டில் முழுக் கையால் அழுத்திப் பிடித்தபடியே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தோப்புக்கு வண்டி வரும் வழியை வேலை தொடங்கும் முன்பே எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, பேச்சும் தாளும்

சாலையோர, புறம்போக்கு மரங்களை உரிய துறையின் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருக்கிறது. விலை பேசும்போது பெல்ட், கயிறு, காப்பீட்டுச் செலவைக் கூலியோடு சேர்த்தே சொல்லுங்கள். “அவர் பாதி விலைக்கு வருகிறாரே” என்று வீட்டுக்காரர் கேட்டால், பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் விலையைக் குறைக்கச் சொன்னால், பெல்ட் இல்லாமல் ஆளை ஏற்றி ஈடுகட்டாதீர்கள். அந்த வேலையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.