மலையில் ஆட எந்த பேடல் ராக்கெட்? முதன்முதலாக வாங்குவோருக்கான வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஷட்டில் ஆடி வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது பெங்களூரு, சென்னை, துபாய் என்று வேலைக்குப் போன இடத்தில் பேடல் பழகுகிறார்கள். கண்ணாடிச் சுவர் சூழ்ந்த சிறிய கோர்ட்டில், டென்னிஸ் போல வலைக்கு இருபுறமும் இருவர் இருவராக ஆடும் ஆட்டம் அது. ஊருக்கு வரும்போது கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்த ராக்கெட் வாங்கலாம்?" என்னுடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: விலையையும் பெயரையும் பிறகு பார்ப்போம், முதலில் உன் முழங்கையையும் நீ ஆடப்போகும் ஊரையும் பார்.

ஊரை ஏன் பார்க்க வேண்டும்? ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850, கொடைக்கானல் 2,100க்கு மேல். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஊட்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தடுக்கும் காற்று குறைந்தால் பந்து வேகம் இழக்காமல் பறக்கும். வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால், உள்ளே காற்று அடைத்த பந்து கூடுதலாகத் துள்ளும். சர்வதேச பேடல் விதிகளிலேயே 500 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களுக்குத் துள்ளல் குறைந்த பந்தைப் பயன்படுத்த இடம் உண்டு. ஆக, மலைக்காரர்களுக்கு வேகம் இலவசமாகவே கிடைக்கிறது. ராக்கெட்டிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: கட்டுப்பாடு, கைக்கு இதம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போகலாம்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேடல் ராக்கெட்டில் நரம்பு கிடையாது. உள்ளே ஃபோம், இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ் அல்லது கார்பன் தகடு, நடுவே துளைகள். விதிப்படி நீளம் 45.5 செ.மீ., அகலம் 26 செ.மீ., தடிமன் 38 மி.மீ. தாண்டக் கூடாது. எல்லா ராக்கெட்டும் இந்த அளவுக்குள்தான் இருக்கும். அதனால் வேறுபாடு அளவில் இல்லை. வடிவம், எடை, எடை நிற்கும் இடம், உள்ளே இருக்கும் ஃபோம், மேல் தகடு ஆகியவற்றில்தான்.

படி 2: நீங்கள் எந்த ஆட்டத்திலிருந்து வருகிறீர்கள்?

"நான் தொடக்கநிலை" என்று சொன்னால் மட்டும் போதாது. பழைய ஆட்டத்தின் பழக்கம் கையோடு வரும்.

ஷட்டில் ஆடியவர்களுக்கு மணிக்கட்டு வேகம் நன்றாக இருக்கும், வலைக்கு அருகில் சட்டென்று எதிர்வினை வரும். ஆனால் 90 கிராம்கூட இல்லாத மட்டையைச் சுழற்றிய மணிக்கட்டு, 360 கிராம் ராக்கெட்டை அதே மாதிரி சுண்டினால் சீக்கிரம் வலிக்கத் தொடங்கும். இவர்களுக்கு எடை குறைவாக, கைப்பிடிப் பக்கம் கனமாக இருப்பது நல்லது.

டென்னிஸ் ஆடியவர்கள் பெரிய வீச்சோடு வருவார்கள். பேடல் கோர்ட் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். சுற்றிலும் கண்ணாடியும் கம்பி வலையும். அவ்வளவு பெரிய வீச்சுக்கு அங்கே வேலை இல்லை. ராக்கெட்டிலும் வேகத்தைச் சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கையை மீறிப்போகும்.

ஹட்டி (படுகர் ஊர்) மைதானத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்குத் தூக்கி அடிப்பது இயல்பு. பேடலில் நீங்கள் அடித்த பந்து தரையில் படாமல் நேராக எதிரணியின் கண்ணாடியில் பட்டால் புள்ளி அவர்களுக்கு. மலைக்காற்றில் இது எவ்வளவு எளிதாக நடந்துவிடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு நான் கட்டுப்பாடு தரும் ராக்கெட்டைத் தவிர வேறு எதையும் பரிந்துரைப்பதில்லை.

எந்த ஆட்டமும் ஆடாமல் நேராக வருபவர்களுக்குத் தேர்வு இன்னும் எளிது. மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை.

படி 3: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வடிவங்கள் உண்டு.

வட்ட வடிவம்: பந்து சரியாகப் படவேண்டிய இடம், அதாவது ஸ்வீட் ஸ்பாட், நடுவில் அகலமாக இருக்கும். கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் பந்து போகவேண்டிய இடத்துக்குப் போகும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பந்தை எடுக்கும்போது இதன் அருமை தெரியும். அந்தப் பந்து எங்கே வரும் என்று கண் பழகவே மாதக்கணக்கில் ஆகும்.

கண்ணீர்த்துளி வடிவம்: நடுத்தரம். கட்டுப்பாடும் வேகமும் பாதிப் பாதி. தொடர்ந்து ஆடி, பந்து பெரும்பாலும் நடுவில் படத் தொடங்கியவர்களுக்கு.

வைர வடிவம்: எடை மேல் பக்கம், ஸ்வீட் ஸ்பாட்டும் மேலே, சிறியதாக. ஸ்மாஷ் அடித்தால் இடி மாதிரி போகும். தள்ளிப் பட்டால் கை அதிரும். போட்டிகளில் பெரிய ஆட்டக்காரர்கள் கையில் இதைப் பார்த்து ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் எடுத்த எடுப்பில் இதை வாங்கிவிட்டு, மேலே சொன்ன எதையும் கற்காமலே கை வலியோடு ஒதுங்குகிறவர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. உயரமான ஊரில் ஸ்மாஷ் நன்றாகத் துள்ளும், தரையில் பட்டு எதிரணிக்கு எட்டாமல் கோர்ட்டுக்கு வெளியே பறந்துவிடும், அப்படியானால் வேகமான ராக்கெட்தானே லாபம் என்பார்கள். தேர்ந்தவர்களுக்கு அது சரி. அந்த ஸ்மாஷ் அடிக்கும் வாய்ப்பு வரும்வரை பந்தை உள்ளே வைத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள வட்ட வடிவமே வசதி.

இன்னொன்று: பேடல் இரட்டையர் ஆட்டம். வலது கைக்காரர்கள் இருவர் சேர்ந்தால் இடப்பக்கம் நிற்பவருக்குத்தான் மேலிருந்து அடிக்கும் வாய்ப்பு அதிகம்; வலப்பக்கம் நிற்பவர் பந்தை நிதானமாகக் கட்டி விளையாடுவார். ஒரு வருடம் கழித்து இரண்டாவது ராக்கெட் வாங்கும்போது, எந்தப் பக்கம் நிலைத்தீர்கள் என்பதை வைத்து வடிவத்தை மாற்றுங்கள். முதல் ராக்கெட்டுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

படி 4: எடையையும் பேலன்ஸையும் வீட்டிலேயே அளந்து பாருங்கள்

பெரியவர்களுக்கான ராக்கெட் பெரும்பாலும் 340 முதல் 385 கிராம் வரை வரும். புதிதாகத் தொடங்குபவர்கள், மணிக்கட்டு மெலிந்தவர்கள் 340–360க்குள் பாருங்கள். உடல் வலு உள்ளவர்கள் 365, 370 வரை போகலாம். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். கைப்பிடி மேல் ஒரு ஓவர்கிரிப் (மெல்லிய பிடிநாடா) சுற்றினாலே சுமார் 5 கிராம் கூடும். மேல் விளிம்பில் பாதுகாப்பு டேப் ஒட்டினால் இன்னும் கூடும், அதுவும் தலைப்பக்கத்தில்.

பேலன்ஸ் பார்க்க: மேசையில் ஒரு பென்சிலை வைத்து, அதன் மேல் ராக்கெட்டைக் குறுக்காகப் படுக்க வையுங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்து, கைப்பிடியின் அடி நுனியிலிருந்து அங்கே வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 26 செ.மீ.யைத் தோராயமான நடுவாக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே வந்தால் எடை கைப்பக்கம், மேலே போனால் தலைப்பக்கம். 360 கிராம் இருந்தும் கைப்பக்கம் கனமான ராக்கெட், 350 கிராம் இருந்து தலைப்பக்கம் கனமானதைவிட லேசாகத் தெரியும். எடை எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

படி 5: ஃபோம். மலையில் இதுதான் தலையாய படி

பெரும்பாலான ராக்கெட்டுகளின் உள்ளே இருப்பது ஈவிஏ என்னும் ரப்பர் போன்ற ஃபோம். மென்மை, நடுத்தரம், கடினம் என்று பல வகை. மென்மையானது பந்தை ஒரு கணம் தாங்கி அனுப்பும், அதிர்வை உறிஞ்சும். கடினமானது பந்தை உடனே தள்ளிவிடும், வேகமாக அடிப்பவர்களுக்குத் துல்லியம் தரும்.

இந்த ஃபோம் வெப்பத்துக்கேற்ப மாறும். ஜனவரி காலையில் ஊட்டி வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது போல குளிரில் ஃபோமும் இறுகும். மே மாதச் சென்னையில் மெத்தென்று இருந்த ராக்கெட், அதே நாளில் மலையேறி வந்தாலே கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். பனிக்காலத்தில் கேட்கவே வேண்டாம். சமவெளிக்காரர்கள் "நடுத்தர ஃபோம் வாங்கு" என்று சொன்னால், அது அவர்கள் வெயிலுக்குச் சரி. நாம் ஒரு படி இறங்கி மென்மையானதை வாங்க வேண்டும். பாதி நாள் இங்கே, பாதி நாள் பெங்களூருவில் என்று இருப்பவர்களும் மென்மைப் பக்கமே சாயுங்கள். அங்கே கொஞ்சம் வேகம் குறைவதால் ஒன்றும் கெட்டுவிடாது, இங்கே இறுகிய ராக்கெட்டால் முழங்கை கெடும்.

மூடுபனி நேரத்தில் இன்னொரு சங்கதி சேர்கிறது. பந்தின் மேல் உள்ள ரோமம் ஈரத்தை உறிஞ்சிக் கனமாகிவிடும். இறுகிய ராக்கெட், கனத்த பந்து, சூடேறாத தசை என மூன்றும் சேர்ந்தால் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வரும். டென்னிஸ் எல்போ என்பது அதுதான். ராக்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குளிரில் பத்து நிமிடம் உடலைச் சூடாக்காமல் கோர்ட்டில் இறங்காதீர்கள். தரையும் கண்ணாடியும் நனைந்திருந்தால் இறங்கவே வேண்டாம். வழுக்கும், பந்தும் கண்ணாடியில் பட்டுச் சறுக்கும்.

படி 6: மேல் தகடு

ஃபைபர் கிளாஸ் வளைந்து கொடுக்கும், கைக்கு இதம், விலையும் குறைவு. முதல் ராக்கெட்டுக்கு இதுவே போதும். கார்பன் விறைப்பானது, நீண்ட நாள் உழைக்கும். 3கே, 12கே, 18கே என்று எழுதியிருப்பது ஒரு இழைக்கட்டுக்குள் எத்தனை ஆயிரம் கார்பன் இழைகள் என்பதைக் குறிக்கிறது. எண் பெரிதானால் தரம் உயர்வு என்று பொருள் அல்ல. பந்தைச் சுழற்றுவதற்காக மேலே மணல் போலச் சொரசொரப்பு வைத்த ராக்கெட்டுகளும் உண்டு. ஈரத்தில் அதன் பிடிப்பு குறையும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க இப்போது அவசியமில்லை.

படி 7: கைப்பிடி

பேடல் கைப்பிடிகள் பெரும்பாலும் மெல்லியதாகவே வரும். பிடித்துப் பாருங்கள்: விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றொரு கையின் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. விரல் உள்ளங்கையைத் தொட்டால் ஓவர்கிரிப் ஒன்றோ இரண்டோ சுற்றுங்கள். மெல்லிய கைப்பிடியை இறுக்கிப் பிடித்தே ஆடுவதும் முழங்கை வலிக்கு ஒரு காரணம். மணிக்கட்டு வாரை மாட்டாமல் ஆடாதீர்கள், விதியிலும் அது கட்டாயம். எதிரே நிற்பவர் சில மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறார்.

படி 8: வாங்கும் முன் ஆடிப் பாருங்கள்

கோர்ட்டில் வாடகைக்கு ராக்கெட் கொடுக்கும் இடங்களில் வேறு வேறு வடிவத்தைக் கேட்டு வாங்கி ஆடுங்கள். நண்பரிடம் அரை மணி நேரம் கடன் கேட்டாலும் சரி. ஸ்மாஷ் அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லா ராக்கெட்டும் அதில் நன்றாகத்தான் தோன்றும். வலைக்கு அருகே நின்று வாலி எடுங்கள், அதாவது பந்து தரையில் படும் முன்பே அடியுங்கள்; பின்கண்ணாடியில் பட்டுவரும் பந்தை எதிரணியின் தலைக்கு மேல் போகும்படி உயரமாக லாப் செய்யுங்கள். லாப் நீங்கள் நினைத்த இடத்தில் விழுகிறதா? ஆட்டத்தின் கடைசியிலும் ராக்கெட்டை வலை உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்க முடிகிறதா? மறுநாள் காலை குடத்தைத் தூக்கும்போது முழங்கை எப்படி இருக்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் நல்ல பதில் வந்தால் வாங்கிவிடலாம்.

பழைய ராக்கெட் வாங்குவதானால்

துளைகளைச் சுற்றியும், மேல் விளிம்பிலும், கைப்பிடியும் தலையும் சேரும் இடத்திலும் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரல் கணுவால் தகட்டை ஆங்காங்கே தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மங்கினால் உள்ளே ஃபோமும் தகடும் பிரிந்திருக்கலாம், விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் வைக்கும் இடமும் முக்கியம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை ஆரம்பித்தால் வீட்டுக்குள் துணியே காயாது. ஆடி முடித்ததும் ராக்கெட்டைத் துடைத்து, உறையைத் திறந்தபடி காற்றாட வையுங்கள். காயட்டும் என்று அடுப்புப் பக்கத்திலோ ரூம் ஹீட்டர் முன்னாலோ வைக்காதீர்கள். சூட்டில் ஃபோம் தளர்ந்து உயிரை விட்டுவிடும். சமவெளிக்குப் போகும்போது வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்வதும் அதே கெடுதல்தான். பனிக்காலத்தில் இரவு முழுவதும் காரில் விறைத்துக் கிடந்த ராக்கெட்டை எடுத்து உடனே ஓங்கி அடிக்காதீர்கள், முதல் சில நிமிடம் மெதுவாகத் தட்டி ஆடுங்கள்.