‘ரன்’ என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டும் முன்

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற சொல் ஓடுவதைக் குறிக்காத இடத்தில் வந்தால், அகராதியின் முதல் பொருளிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போகாமல், அதையடுத்து நிற்கும் சொல்லையும் சேர்த்தே தேடுங்கள். ‘ரன் எ ஷாப்’ என்றால் கடை நடத்துவது. ‘ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துபோவது. ‘ரன் இன்டு எ ஃப்ரெண்ட்’ என்றால் நண்பரைத் தற்செயலாகச் சந்திப்பது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதன் வினைப்பொருள்களை மட்டுமே 600-க்கும் மேலாகப் பிரித்திருக்கிறது. அவற்றுள் எது பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் பக்கத்துச் சொல்லே தீர்மானிப்பதாலும், மாணவர் அகராதிகள் பல இத்தகைய கூட்டுவினைகளைப் பதிவின் இறுதியில் தனியே தருவதாலும், நேரே அங்கே போய்விடலாம். துறைச்சொற்களுக்கு இந்த வழி உதவாது: கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ என்றால் எதுவும் தீர்ந்துபோகவில்லை, மட்டையாளர் கோட்டை எட்டும் முன் ஸ்டம்ப் சாய்ந்துவிட்டது.